தறியில் அமர்வது யார்?

"நெய்யத் தொடங்கிவிட்டேன்!" என்றார் நண்பர். குரலில் பெருமிதம், கையில் ஒரு முழத் துணி.

குமாரலிங்கபுரத்துக்காரர் அவர். பள்ளி ஆசிரியர். பிறந்தது உழவர் குடும்பத்தில். கரிசல் மண்ணிலே பருத்தி விளைவித்து, சந்தையிலே விற்று, வேறு எவரோ நெய்த வேட்டியை விலைகொடுத்து வாங்கி உடுத்திய குடும்பம். அந்த வீட்டிலே ஏர் இருந்தது, தறி இருந்ததில்லை. நாற்பது வயதைக் கடந்தபின், மாலைப் பொழுதிலே கையால் ஏதேனும் ஒன்றைச் செய்து பழகவேண்டும் என்னும் ஆவல் அவருக்குப் பிறந்தது. சிறியதொரு மேசைத் தறியை வாங்கினார், திண்ணையிலே வைத்தார், நூலறுந்து, முடிச்சிட்டு, மீண்டும் நூலறுந்து, ஒரு திங்கள் முழுதும் போராடி அந்த ஒரு முழத்தை நெய்து முடித்தார். ஓரம் கோணல். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் சல்லடை. நடுவிலே அகலம் குறைந்து ஒடுங்கிக் கிடந்தது துணி. ஆயினும் அவர் கை நெய்த துணி அல்லவா? மடித்து மடித்துப் பார்த்தார், மகிழ்ந்தார்.

அதை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குச் சென்றோம். நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே நண்பருக்குத் தெரிந்த முதியவர் ஒருவர். அரை நூற்றாண்டுக் காலம் குழித்தறியிலே கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தவர். கண் மங்கியபிறகே தறியைவிட்டு எழுந்தவர். துணியை வாங்கினார். பார்க்கவில்லை, விரலால் ஓரத்தைத் தடவினார்.

"யார் நெய்தது, வாத்தியாரய்யா?"

"நான்தான், அண்ணாச்சி. பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்கிறேன்."

முதியவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பல்ல, எதையோ நினைத்துக்கொண்ட சிரிப்பு.

"பொழுதுபோக்கா! எங்கள் வீட்டில் பொழுது போகவில்லை என்று எவரும் நெய்ததில்லை, ஐயா. பொழுது போதவில்லை என்றுதான் நெய்தோம். விளக்கை வைத்துக்கொண்டும் நெய்தோம். என் பிள்ளைகள் இந்தக் குழியில் இறங்கக்கூடாது என்று படிக்கவைத்தேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் எழுந்த இடத்தில் நீங்கள் வந்து உட்காருகிறீர்கள். இது நல்லதா, கெட்டதா? எனக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் நீங்கள்தான் சொல்லவேண்டும்."

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அங்கே சொல்ல இயலாத விடையைத் தேடி வரலாற்றின் பக்கங்களைப் புரட்டினேன். கண்டவற்றை இங்கே வைக்கிறேன்.

நூலுக்கு ஏற்றம், நூற்றவருக்கு?

தமிழைப்போல் நெசவைப் போற்றிய மொழி அரிது. பஞ்சிலிருந்து இழுத்ததும் நூல். புலவர் இயற்றியதும் நூல். பனுவல் என்பதும் அவ்வாறே இருபொருள் தரும் சொல். பா என்றால் செய்யுள். பா என்றால் தறியிலே நீள நீட்டிக் கட்டிய இழைகளும்தாம். நூல் செய்யும் புலவனை நூல் நூற்கும் பெண்ணோடு ஒப்பிட்டு உவமை சொல்கிறது நன்னூற் பாயிரம்.

மொழியிலே இத்துணை ஏற்றம்! வாழ்விலே? நூற்பு, ஆண் துணையற்ற பெண்டிரின் பிழைப்பாக இருந்ததைச் சங்கப் பாடல்களே காட்டுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளிலே 'தறி இறை' என்னும் வரி காணப்படுகிறது. தறி ஒன்று இருந்தால் அரசுக்கு இறை ஒன்று இருந்தது. கோயில் கட்டிய கொற்றவனின் பெயர் கல்லிலே உண்டு. வரி செலுத்திய நெசவாளி, தொகையாகத்தான் அந்தக் கல்லிலே இடம்பெற்றான்.

தொழில், குலமாக இறுகிற்று. சாலியர், கைக்கோளர், தேவாங்கர், சௌராட்டிரர் என்று பிரிவுகள்; பிரிவுக்கொரு தெரு. பல்லக்கிலே ஏறவும் சங்கு ஊதவும் தமக்கு உரிமை உண்டு என்று கைக்கோளர் வாதாடிப் பெறவேண்டியிருந்ததை விசயநகர ஆட்சிக் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. பட்டை நெய்தவர் பல்லக்கு ஏற ஆணை வேண்டியிருந்தது! பல்லக்கின் திரைச்சீலையை நெய்தவர் எவர் என்று ஆணையிட்டவர் எண்ணிப் பார்த்தாரோ, இல்லையோ!

குலம் என்பது இருபுறமும் அடைத்த கதவு. உள்ளே பிறந்தவன் வெளியே போக முடியாது. வெளியே பிறந்தவன் உள்ளே வர முடியாது. முதலாவது கொடுமையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேசவேண்டியதுதான். இரண்டாவதன் இழப்பைப் பற்றிப் பேசியது குறைவு. அதற்கும் வரலாறு சான்று வைத்திருக்கிறது.

நாவிதரும் பாதிரியாரும்

இங்கிலாந்திலே ஜான் கே என்பவர் 1733இல் விசைநாடாவைக் கண்டார். அதுவரை நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறுகையால் பிடிக்கவேண்டும். கை எட்டும் அகலமே துணியின் அகலம். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் என்று செய்தார் கே. வேகம் கூடிற்று, அகலமும் கூடிற்று.

அடுத்த ஆண்டு, 1734இல், சென்னையிலே கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், நூற்போரையும் நெய்வோரையும் ஒருங்கே குடியேற்றிப் புதியதொரு பேட்டையை அமைத்தார். சிந்தாதிரிப்பேட்டை என்று இன்று நாம் அழைக்கும் பகுதி அது; சின்னத்தறிப்பேட்டை என்பதே பழைய பெயர் என்பர். அங்கே புதிய கருவி. இங்கே புதிய குடியிருப்பு. அங்கே தறி மாறிற்று. இங்கே தெருதான் மாறிற்று. விசைநாடா நம் தறிகளிலே பரவலாக ஏறியது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். ஏறத்தாழ 175 ஆண்டு இடைவெளி!

நூற்பு எந்திரத்துக்கு 1769இல் காப்புரிமை பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் யார்? நெசவாளியல்லர், முடிதிருத்தும் தொழில் செய்தவர், பொய்முடி செய்து விற்றவர். 1785இல் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்ற எட்மண்ட் கார்ட்ரைட் யார்? அவரும் நெசவாளியல்லர், கிறித்துவப் பாதிரியார். நாவிதர் நூற்புக்கு வழி கண்டார். பாதிரியார் நெசவுக்கு வழி கண்டார். "இது உன் குலத்தொழில் அல்ல, எட்டி நில்" என்று அவர்களை எவரும் விரட்டவில்லை.

அந்தக் கண்டுபிடிப்புகளின் பயன் முழுதும் நன்மையா? அல்ல. அங்கேயே கைநெசவாளர் வாழ்விழந்தனர். 19ஆம் நூற்றாண்டிலே சீமைத்துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, முன்பணக் கடனிலே மூழ்கியிருந்த நம் நெசவாளர் மேலும் மூழ்கினர். கரிசற் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே கடல் கடந்தது, துணியாகத் திரும்பியது. 1880களிலே ஆர்வி சகோதரர்கள் அம்பாசமுத்திரம், தூத்துக்குடி வட்டாரங்களிலே ஆலைகளை எழுப்பியபின், நூல் நம் மண்ணிலேயே எந்திரத்தில் பிறந்தது. ராட்டை ஓய்ந்தது, தறி மட்டும் ஆலை நூலை நம்பி ஓடிற்று. இவ்வளவும் நடந்தபின்னும் நெசவாளியின் மகன் நெசவாளியே என்ற விதி மட்டும் மாறவில்லை. தொழில் தேய்ந்தது, பூட்டு தேயவில்லை!

விரும்பி அமர்ந்தவர்கள்

பிறப்பால் அன்றி, விருப்பால் தறியில் அமர்ந்தவர்களின் கதை இனி.

இங்கிலாந்துக் கவிஞர் வில்லியம் மாரிஸ், செல்வர் வீட்டுப் பிள்ளை, ஆக்ஸ்போர்டிலே படித்தவர். 1879இல் தம் இலண்டன் இல்லத்தின் படுக்கையறையிலே ஒரு தறியை நிறுத்தினார். கற்றுத்தர ஆசிரியர் இல்லை. பழைய பிரெஞ்சுக் கையேடு ஒன்றே துணை. மே மாதம் தொடங்கி, விடியற்காலையிலேயே எழுந்து நெய்து, செப்டம்பரில் ஓவியத் திரைச்சீலை ஒன்றை முடித்தார். செலவழித்த நேரத்தை நாட்குறிப்பிலே எழுதிவந்தார். 516 மணிக்குச் சற்று அதிகம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மணி நேரம்.

தாம் செய்யும் அழகிய பொருள்களைச் செல்வர் மட்டுமே வாங்க முடிகிறதே என்னும் உறுத்தல் அவருக்கு இருந்தது. தறியில் அமர்ந்த நான்காம் ஆண்டிலே, 1883இல், அவர் பொதுவுடைமைக் கொள்கைக்கு வந்து சேர்ந்தார். உழைப்பு இன்பமாக இருக்கவேண்டும், அந்த இன்பம் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று பேசினார். 516 மணி நேரத்தை எண்ணிப் பார்த்த கை அது. அது சொன்ன சொல்லுக்கு எடை உண்டு.

அடுத்த கதையிலே நமக்கும் பங்கு உண்டு. கொழும்பிலே 1877இல் பிறந்த ஆனந்த குமாரசாமி, ஈழத் தமிழர் சர் முத்துக் குமாரசாமியின் மகன். நில இயல் அறிஞராக இலங்கைக்குத் திரும்பியவர். அவருடைய முதல் மனைவி எதெல், இங்கிலாந்துப் பெண். இருவரும் இலங்கையின் சிற்றூர்களிலே சுற்றிக் கைவினைஞர்களைக் கண்டனர். அந்த உழைப்பின் பயனாகக் குமாரசாமியின் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. பின்னர் மணவாழ்வு முறிந்தது. எதெல் வேறொருவரை மணந்து எதெல் மேரே ஆனார். ஆயினும் நம் பக்கத்து மண்ணிலே கண்ட நூலும் சாயமும் அவரை விடவில்லை. இங்கிலாந்து திரும்பி நெசவு பயின்றார். 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி நூல் எழுதினார். டிட்ச்லிங் என்னும் சிற்றூரிலே நெசவகம் அமைத்து, விரும்பி வந்தவர்க்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். கைநெசவுக்கு இங்கிலாந்திலே மறுவாழ்வு தந்தவர்களுள் முன்னிற்பவர் அவர். இலங்கையிலே கண்ட கைத்திறன் இங்கிலாந்துச் சிற்றூரிலே பள்ளியாயிற்று. பிறந்த நாட்டிலே அது குலமாகவே கிடந்தது!

மூன்றாமவர் காந்தியார். 1909இல் கைராட்டையைப் பற்றி எழுதியபோது, தறியையோ ராட்டையையோ தாம் கண்டதாகவே நினைவில்லை என்று தம் வாழ்க்கை வரலாற்றிலே அவரே ஒப்புக்கொள்கிறார். 1915இல் அகமதாபாத்திலே ஆசிரமம் அமைத்துத் தறிகளை நிறுத்தியபோது, அங்கிருந்தோர் படித்தவரும் வணிகருமே. கைவினைஞர் ஒருவரும் இல்லை. பாலன்பூரிலிருந்து ஒரு நெசவாளியை அழைத்துவந்தனர். அவரோ தம் வித்தை முழுவதையும் சொல்லிக்கொடுக்கவில்லை! மகன்லால் காந்தி விடாமுயற்சியால் எஞ்சியதைக் கண்டறிந்தார்.

அந்த நெசவாளியைக் குறைகூற மனம் வரவில்லை. நிலமில்லை, பணமில்லை, படிப்பில்லை. கையிலே உள்ள ஒரே சொத்து வித்தை. அதையும் கொடுத்துவிட்டால் என் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று அஞ்சினான். குலத்தொழில், கலையைக் காப்பாற்றியது என்பார்கள். ஒருவகையிலே உண்மை, இரும்புப் பெட்டி பணத்தைக் காப்பாற்றுவதுபோல! பெட்டியிலே கிடந்த பணம் பெருகுவதில்லை.

எல்லோரும் நூற்கவேண்டும் என்று காந்தியார் சொன்னதிலே ஒரு புரட்சி இருந்தது. பார்ப்பனர் கையும் ராட்டையைத் தொட்டது. 1921 செப்டம்பரிலே, நம் மதுரையில்தான் அவர் அரையாடை பூண்டார். பெரியார், காங்கிரசிலே இருந்தபோது, கதர் மூட்டையைத் தோளிலே சுமந்து விற்றவர். ஆனால் கையை எல்லோருக்கும் பொதுவாக்கிய காந்தியார், பிறப்பையும் தொழிலையும் பிணைத்த வருணத்தை அந்நாளிலே விட்டுவிடவில்லை. ராட்டை சுற்றியது, சாதிச் சக்கரமும் உடன் சுற்றியது. பெரியார் 1925இல் வெளியேறினார்.

1953: ஒரே ஆண்டு, இரு காட்சிகள்

நாடு விடுதலை பெற்றபின் வந்த நெருக்கடியை முதியவர்கள் அறிவார்கள். 1952இல், நெய்த துணி விற்காமல் வீடுகளிலே குவிந்தது. நெசவாளர் அடுப்பு அணைந்தது. அந்த ஆண்டே மைய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை அமைத்தது. 1953இல், ஆலைத்துணிக்கு கஜத்துக்கு 3 பை என்ற பழைய கணக்கில் தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் செய்தது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டும் என்று அன்றைய சென்னை முதலமைச்சர் ஆச்சாரியார் வாதிட்டார். அந்த வாதத்திலே நியாயம் இருந்தது, மறுப்பதற்கில்லை.

காஞ்சியிலே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும் அவருடைய தோழர்களும் அதே 1953இல் கைத்தறித் துணிகளைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றனர். எழுதும் கை, மேடையிலே உயரும் கை, துணியை விரித்துக் காட்டிற்று. இது ஒரு காட்சி.

மற்றொரு காட்சியும் அதே ஆண்டிலேதான். அதே ஆச்சாரியார், சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளிலே பாட நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகச் சுருக்கினார். எஞ்சிய நேரத்திலே பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். நெசவாளியின் மகன் பிற்பகலிலே தார் சுற்றவேண்டும். குயவரின் மகன் மண் மிதிக்கவேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டது, போராடிற்று. நெசவாளியின் துணிக்கு ஆதரவு, நெசவாளியின் மகனுக்குப் பூட்டு! வேட்டியை ஒதுக்கிக் கொடுத்த அதே கை, வாழ்வையும் ஒதுக்கிக் கொடுக்க முனைந்தது.

அத்திட்டத்தின்படி காஞ்சியிலே ஒரு தலைமுறைக்கு முன்பே நடந்திருந்தால் அண்ணா எங்கே இருந்திருப்பார்? பச்சையப்பன் கல்லூரியிலா? தறிக்குழியிலா? கேள்வியைக் கேட்டாலே விடை விளங்கும்.

1954 ஏப்ரலிலே காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் அத்திட்டம் கைவிடப்பட்டது. விருதுநகரிலே பிறந்தவர், படிப்பை இடையிலே நிறுத்தி, கடையிலே வேலைக்கு நின்றவர். பள்ளியை இழந்த வேதனையை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அருப்புக்கோட்டை முதியவரின் பிள்ளைகள் தறியைவிட்டு எழுந்து பள்ளிக்குப் போனார்களே, அந்த வழி இந்த வட்டாரத்து மனிதர் ஒருவரின் கையொப்பத்தால் திறந்துவைக்கப்பட்ட வழி.

இன்றைய கணக்கு

அந்தக் கதவு திறந்தது. எத்தனை பேர் வெளியேறினர்? 2009-10இல் எடுத்த கணக்கின்படி நாட்டிலே கைத்தறித் தொழிலாளர் 43.31 இலட்சம், 2019-20இல் 35.22 இலட்சம். பத்தாண்டிலே 8 இலட்சத்துக்கு மேல் குறைவு. பின்னைய கணக்கின்படி மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு. நெய்பவரிலே பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென ஒதுக்கிய 22 துணிவகைகள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. 1952இல் அமைத்த கைத்தறி வாரியம் 2020இல் கலைக்கப்பட்டது. விரும்பி எழுந்தோர் சிலர்; வயிறு தள்ளி எழுந்தோர் பலர்.

நண்பரின் ஊருக்கோ புதுப்பெயர் கிடைத்திருக்கிறது. சாத்தூர் வட்டத்துக் குமாரலிங்கபுரம், மைய அரசு 2023 மார்ச்சிலே ஏழு மாநிலங்களில் அறிவித்த ஏழு பெரும் ஜவுளிப் பூங்காக்களுள் ஒன்றுக்கு இடமாயிற்று. 1,052 ஏக்கர். நூற்பு, நெசவு, சாயம், தையல் அனைத்தும் ஓரிடத்திலே நிகழவேண்டும் என்பது திட்டம். எந்திரத்தை வெறுப்பது பகுத்தறிவாகாது. வேலையற்ற கரிசல் காட்டு இளைஞனுக்கு ஆலை வேண்டும். ஆலையிலே அவனுக்கு நியாயமான கூலியும் வேண்டும். 1,052 ஏக்கர் ஆலைக்கு அருகே, ஒரு திண்ணையிலே ஒரு மேசைத் தறி. இதற்கு என்ன வேலை?

துணியின் விலையை இது குறைக்காது. நெசவாளியின் வறுமையையும் இது நேரே போக்காது. ஆனால் கண்ணைத் திறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40ஆம் நம்பர் நூல் என்கிறோம். ஒரு பவுண்டு எடையிலே 40 சிட்டம், சிட்டத்துக்கு 840 கஜம். ஆக 33,600 கஜம், அதாவது 19 மைல் நீள நூல். 48 அங்குல அகலச் சேலைக்கு அங்குலத்துக்கு 60 பாவு இழை என்று வைத்தால் 2,880 இழைகள். ஒவ்வொன்றையும் விழுதிலே கோத்து, அச்சிலே கோத்து, முடிச்சிடவேண்டும். பின் ஊடை. அங்குலத்துக்கு 60 ஊடை என்றால், 6 கஜச் சேலையின் 216 அங்குலத்துக்கு நாடா 12,960 முறை ஓடவேண்டும். கால் 12,960 முறை மிதிக்கவேண்டும். அந்தச் சேலையைக் கையிலே வைத்துக்கொண்டு, "நூறு ரூபாய் குறைத்துக்கொள்" என்று பேரம் பேசுகிறோம்! ஒரே ஒரு முழம் நெய்தவர் அந்தப் பேரத்தைப் பேசமாட்டார். பேச நா எழாது.

பொழுதுபோக்கு நெசவுக்கு நான் காணும் பயன் இதுதான். உழைப்பின் விலையைக் கை வழியாக அறிவது. அந்த அறிவோடு நின்றுவிடாமல் சில கடமைகளும் உண்டு. கற்றுக்கொடுக்கும் நெசவாளியை ஆசிரியராக மதித்து, ஆசிரியருக்குரிய கூலியைக் கொடுக்கவேண்டும். "பெரியவர் பாசத்தோடு சொல்லிக்கொடுத்தார்" என்று இனிப்புப் பொட்டலத்தோடு முடிப்பது நன்றியாகாது. உடுத்தும் துணியிலே ஒரு பங்கேனும் கூட்டுறவுச் சங்கத் துணியாக இருக்கவேண்டும். 1935இலிருந்து நம் நாட்டிலே அதற்கென நிறுவனம் இருக்கிறது. ஆண் நெய்ய, பெண் கூலியின்றித் தார் சுற்றிய பழைய வழக்கத்தைப் புதிய திண்ணையிலே தொடரக்கூடாது. வீட்டிலே யார் விரும்பினாலும் தறியிலே இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "எவ்வளவு இனிமையான தொழில்! இதை விட்டுவிட்டு ஏன் நெசவாளர் பிள்ளைகள் ஓடுகிறார்கள்?" என்று கேட்கும் பேதைமை வேண்டாம். மாலை ஒரு மணி நேரம் நெய்வது இனிமை. வயிற்றுக்காக விடியல் முதல் விளக்கு வைத்தபின்னும் நெய்வது வேறு. நாம் எழுந்து போகலாம் என்பதால்தான் அமர்வது இனிக்கிறது. எழ முடியாதவனுக்கு அதே பலகை சிறை.

முதியவருக்கு விடை

சில வாரங்கள் கழித்து மீண்டும் அருப்புக்கோட்டைக்குச் சென்றோம். தேடிக் கண்டதைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, உங்கள் பிள்ளைகள் எழுந்து போனது நல்லது. இவர் வந்து அமர்ந்ததும் நல்லது. இரண்டும் ஒரே கதவு திறந்ததால் நடந்தவை. எழ உரிமை இல்லாத இடத்தில் அமர்வதற்குப் பெருமை இல்லை. உங்கள் பேரனோ பேத்தியோ நாளைக்கு விரும்பி வந்து அமர்ந்தால், அதுவும் நல்லதே. குலம் என்று சொல்லி எவரும் அமர்த்தக்கூடாது. குலமல்ல என்று சொல்லி எவரும் விரட்டக்கூடாது."

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நண்பர் கொண்டுவந்திருந்த புதிய துணியை வாங்கினார், ஓரத்தைத் தடவினார். சென்ற முறையைவிடக் கோணல் குறைவு. இருந்தும் இடுப்பு இன்னும் ஒடுங்கியே இருந்தது.

"வாத்தியாரய்யா, ஊடையை நேராக இழுத்துப் பிடிக்கிறீர்கள், அதனால் ஓரம் உள்ளே வாங்குகிறது. நாடா மறுபக்கம் போனதும், நூலைக் கொஞ்சம் சரிவாக விடுங்கள்; தளர்ச்சி இருக்கட்டும்; பிறகு அச்சை அடியுங்கள். ஓரம் தானாக நிற்கும்."

பாலன்பூர் நெசவாளி அஞ்சி மறைத்தது இதுபோன்ற ஒன்றாகத்தான் இருந்திருக்கவேண்டும். அருப்புக்கோட்டைப் பெரியவர் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவருடைய பிள்ளைகள் படித்துவிட்டார்கள்!

நண்பர் பாடத்துக்கான கூலியை எடுத்துக் கொடுத்தார். முதியவர் தயங்கினார், பின் வாங்கிக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு வாருங்கள்," என்றார். "பாவு பிணைக்கச் சொல்லித்தருகிறேன்."